இரண்டு பேர் கச்சேரி

டக் ஆண்ட்ரெஸ் கிடார். அவர் மனைவி பாட்டி கேத்கார்ட் பாட்டு. (பெயர்தான் பாட்டி!) வேறு பக்கவாத்தியம் கிடையாது. 1988-இல் வந்த முதல் இசைத்தட்டு 'டியர்ஸ் ஆஃப் ஜாய்'. கேட்டால், இரண்டே பேர் என்று நம்புவது சிரமம். அடித்தந்தியின் நடை, மேலே மெட்டு, நடுவே தாளம், எல்லாம் ஒருவர் கைதான். அந்த அம்மாளின் கனத்த குரலுக்கு அவசரமே இல்லை.

ஸிண்டி லாப்பரின் 'டைம் ஆஃப்டர் டைம்' பாட்டை மைல்ஸ் டேவிஸும் எடுத்துக்கொண்டார். தட்டு வந்தது 1985-இல். அவர் டிரம்பெட்டில் ஒரு தனிமை உண்டு. இவர்களிடம் அது இல்லை. கூப்பிட்டால் பதில் வந்துவிடும் என்கிற தைரியம் குரலிலேயே தெரிகிறது. எனக்கு அதுவே குறையாகவும் படுகிறது. மெருகு அதிகம். சண்டையே போடாத தம்பதி வீட்டில் விருந்தாளியாக உட்கார்ந்திருப்பதுபோல், சற்றைக்கெல்லாம் சங்கடம் தட்டுகிறது. ஆனாலும், குரல் மூச்சு வாங்குகிற இடத்தில் கிடார் வந்து தாங்குவதைக் கேட்டபின் தட்டை நிறுத்த மனம் வருவதில்லை.