பெண் போர்ப்பாத்திரமும் திறனாய்வு வரவேற்பும்: அல்லி அரசாணியை முன்வைத்து

ஆய்வுச் சுருக்கம்

போரிடும் பெண் பாத்திரம் எவ்வாறு வரவேற்கப்படுகிறது என்பதை அல்லி அரசாணியை மையமாக வைத்து இக்கட்டுரை ஆராய்கிறது. திரௌபதி, நிகழ்பட விளையாட்டின் சுன் லீ ஆகிய பாத்திரங்கள் ஒப்பீட்டிற்குக் கொள்ளப்படுகின்றன. ஒரு பெண் யாருக்காகப் போரிடுகிறாள் என்பதே அவளது வரவேற்பைத் தீர்மானிக்கிறது என்பது இக்கட்டுரையின் துணிபு.

குறிச்சொற்கள்: அல்லி அரசாணி மாலை, கதைப்பாடல், திரௌபதி வழிபாடு, தெருக்கூத்து, சுன் லீ

முன்னுரை

திண்டிவனத்திலிருந்து மரக்காணம் செல்லும் சாலையை ஒட்டி அமைந்த ஊர் பெருமுக்கல். இவ்வட்டாரம், செஞ்சியை மையமாகக் கொண்டு பரவிய திரௌபதி வழிபாட்டு நிலப்பகுதியைச் சார்ந்தது. செஞ்சிக்கு அருகிலுள்ள மேலச்சேரிக் கோயிலும் அதனோடு இணைந்த கூத்து மரபும் ஆல்ஃப் ஹில்டபைட்டல் 1988, 1991 ஆகிய ஆண்டுகளில் வெளியிட்ட இரு தொகுதிகளில் விரிவாக ஆராயப்பட்டுள்ளன. இந்நிலப்பகுதியில் திரௌபதியின் சினம் தெய்வத்தன்மை உடையது; அவள் பெயரால் மக்கள் தீ மிதிக்கின்றனர். அதே மக்களின் பேச்சு வழக்கில், பெண்ணொருத்தியின் சொல் செல்லுபடியாகும் வீடு ‘அல்லி ராஜ்ஜியம்’ என்று எள்ளப்படுகிறது. பாரதக் கதையுலகைச் சேர்ந்த இரு பெண்களுள் ஒருத்தி தெய்வமாகவும் மற்றவள் ஏளனச் சொல்லாகவும் ஆனது ஏன் என்பதே இங்கு எழும் வினா.

அல்லியின் இரு போராட்டங்கள்

அல்லி அரசாணி மாலை அம்மானை வடிவில் அமைந்த கதைப்பாடல். பெரிய எழுத்துப் பதிப்புகளின் வழி நெடுங்காலம் மக்களிடையே வழங்கியது. அதில் அல்லி இரு முறை எதிர்த்து நிற்கிறாள். பாண்டியனின் ஆட்சியைத் தன் கைக்குள் கொண்ட நீன்முகனை இளம் வயதிலேயே வென்று மதுரையின் அரியணை ஏறுவது முதலாவது. ஆண் துணையை மறுத்துத் தனித்து ஆள முற்பட்டு அருச்சுனனின் விழைவை எதிர்ப்பது இரண்டாவது.

முதற்போரில் அல்லி வெல்கிறாள். இரண்டாவதில் அவளை வெல்லப் படை வரவில்லை, சூழ்ச்சியே வருகிறது. கண்ணனின் துணையோடு பாம்பு வடிவில் பள்ளியறை புகும் அருச்சுனன், உறங்கும் அல்லிக்குத் தாலி கட்டுகிறான். விழித்தெழுந்தவள் சினங்கொள்கிறாள். எனினும் கதை அவளை அருச்சுனனின் மனைவியாகவும் புலந்திரனின் தாயாகவும் நிலைநிறுத்துகிறது. விழித்திருக்கும் அல்லியை வெல்ல இயலாது என்பதைக் கதையே ஒப்புக்கொள்கிறது. இந்த ஒப்புதல் அப்பாத்திரத்தைப் பற்றிய மதிப்பீடுகளில் உரிய இடம் பெறவில்லை.

வழக்குச்சொல்லும் இலக்கிய வரலாறும்

ஒரு பாத்திரத்தின் வரவேற்பை அச்சேறிய திறனாய்வில் மட்டும் தேடுதல் போதாது. ‘அல்லி ராஜ்ஜியம்’, ‘அல்லி தர்பார்’ ஆகிய தொடர்களும் திறனாய்வுத் தீர்ப்புகளே. அவை நீன்முகனை வென்ற வீரத்தைச் சுட்டுவதில்லை. ஆணுக்கு அடங்காமையை மட்டுமே சுட்டுகின்றன. அல்லியின் நீண்ட கதையிலிருந்து மக்கள் வழக்கு பொறுக்கியெடுத்துக்கொண்ட பகுதி அதுவே.

இலக்கிய வரலாறு வேறொரு வகையில் அவளைக் கடந்து செல்கிறது. இந்நூலை நளவெண்பா பாடிய புகழேந்திப் புலவருக்கு உரியதாகக் கூறும் மரபும், மொழிநடை பிற்காலத்தது என்பதால் அதனை ஏற்காத கருத்தும் விரிவாகப் பேசப்பட்டுள்ளன. நூலின் காலமும் ஆசிரியரும் வினாவாகும்போது, உறக்கத்தில் கட்டப்பட்ட தாலி வினாவாவதில்லை. சங்கரதாஸ் சுவாமிகளின் நாடக மேடையில் இக்கதை ‘அல்லி அர்ஜுனா’ ஆகிறது. அரசாணி என்ற பட்டம் நின்ற இடத்தில் கணவனின் பெயர் வந்து அமர்கிறது.

திரௌபதி: ஏற்கப்பட்ட சினம்

பதினெட்டாம் போர்க் கூத்தின் நிறைவில், படுகளத்தில் மண்ணால் அமைக்கப்பட்ட துரியோதனன் உருவின்மேல் திரௌபதி கூந்தல் முடிக்கிறாள். அவள் படைக்கலம் ஏந்தும் போர்வீரர் அல்லள் எனலாம். ஆயினும் போரை நடத்துவது அவளது சூளுரையே. அந்தச் சினத்தை யாரும் அடக்க முற்படுவதில்லை. நிறைவேறும் வரை ஊரே காத்திருக்கிறது. காரணம், அது குலத்தின் மானத்தோடு பிணைந்த சினம். அல்லியின் சினமோ அவளுக்கே உரியது.

மதுரையை ஆண்ட தடாதகையும் திக்குவிசயம் செய்தவளே. அவள் தெய்வமாகவில்லையா என்று வினவலாம். தடாதகை சிவனைக் கண்டதும் நாணி நிற்கிறாள். மறுப்பு என்பது அவள் கதையில் இல்லை. ஆகவே இச்சான்று நம் துணிபை வலுப்படுத்துகிறது.

சுன் லீ: ஓர் ஒப்பீடு

இப்போக்கு நம் மரபுக்கு மட்டும் உரியதன்று. கேப்காம் நிறுவனம் 1991இல் வெளியிட்ட ‘ஸ்ட்ரீட் ஃபைட்டர் 2’ விளையாட்டில், ஆடுவோர் தேர்ந்தெடுக்கக்கூடிய 8 வீரர்களுள் ஒரே பெண் சுன் லீ. சண்டை விளையாட்டில் பெண்ணுக்கு இடம் பெற்றுத் தந்த முன்னோடி என்று போற்றப்பட்டவள். உடல் தோற்றம் முன்னிறுத்தப்பட்டதற்காகக் குறை கூறப்பட்டவளும் ஆவாள். அவளும் தன் தந்தையின் மரணத்திற்குப் பழிவாங்கவே போரிடுகிறாள். வெற்றிக்குப்பின் போர்க்கோலம் களைந்து இயல்பான இளம்பெண்ணாகத் திரும்புவதாக அவளது கதை முடிகிறது. பின்வந்த பதிப்பொன்றில், காவல் பணியில் தொடர்வதா, இயல்பு வாழ்வுக்குத் திரும்புவதா என்னும் தேர்வு ஆடுவோரிடம் விடப்படுகிறது. அங்கும் தேர்வு அவளுடையதன்று. எனினும் வேறொரு முடிவு இயலும் என்பதை அப்பதிப்பு காட்டிவிடுகிறது.

முடிவுரை

தந்தைக்காகப் போரிட்ட சுன் லீ போற்றப்படுகிறாள். குலமானத்தின் பொருட்டுச் சூளுரைத்த திரௌபதி தொழப்படுகிறாள். தந்தையின் ஆட்சியை மீட்ட அல்லியும் பழிக்கப்படவில்லை. தனக்காக மறுத்து நின்ற அல்லியே எள்ளலுக்கு உள்ளாகிறாள். எனவே அல்லியைப் பற்றிய வரவேற்பு, அப்பாத்திரத்தைக் காட்டிலும் வரவேற்றோரைப் பற்றியே மிகுதியாகக் கூறுகிறது. கதைப்பாடல் ஆய்வுகள் ஆசிரியர், காலம் ஆகியவற்றோடு அமையாது, பாத்திரத்தின் இசைவு என்னும் கூற்றையும் ஆராய்தல் வேண்டும். ‘அல்லி ராஜ்ஜியம்’ என்னும் தொடரை அடுத்த முறை கேட்கும்போது, அவ்வரசியை வெல்ல அவள் உறங்கும்வரை காத்திருக்க வேண்டியிருந்தது என்பதையும் சேர்த்து நினைவுகூர்வது முறையான வாசிப்பாகும்.