அரங்கும் இசையும்: பாரடைஸ் கராஜ் பற்றிய ஒரு திறனாய்வு

ஆடலை ஆராய்வோர் அரங்கினையும் ஆராய்தல் வேண்டும் என்பது தமிழ்மரபு நன்கறிந்த நெறி. மாதவியின் ஆடலைப் பாட வந்த இளங்கோவடிகள், அவள் அரங்கில் அடியெடுத்து வைப்பதற்கு முன்பே ஆடலாசான், இசையாசிரியன், தண்ணுமையோன், குழலோன், யாழாசிரியன் ஆகியோரின் தகுதிகளை நிரல்படக் கூறுகின்றார். அரங்கின் நீள, அகல, உயரங்களை அளந்து காட்டுகின்றார். தூண்களின் நிழல் விழாதவாறு விளக்கு நிறுத்தப்பட்டதையும் சொல்லாமல் விடவில்லை. கலை என்பது கலைஞனிடம் மட்டும் பிறப்பதன்று; இடமும் கருவியும் அவையும் கூடிய கூட்டத்தில் பிறப்பது என்பதே அப்பகுதி உணர்த்தும் உண்மையாகும்.

இந்நெறியை மேலைநாட்டு இசைவகை ஒன்றுக்குப் பொருத்திப் பார்ப்பது இக்கட்டுரையின் நோக்கம். டிஸ்கோ என்றவுடன் பலருக்கு நினைவுக்கு வருவன மின்னும் ஆடையும், சுழலும் கண்ணாடி உருண்டையும், 1977ஆம் ஆண்டில் வெளிவந்த ‘சாட்டர்டே நைட் ஃபீவர்’ திரைப்படமுமே. ஆனால், அத்திரைப்படம் வெளிவருவதற்குப் பல ஆண்டுகள் முன்னரே அவ்விசை வளர்ந்துவிட்டது. அதனை வளர்த்தோருள் முதன்மையானோர் நியூயார்க் நகரின் தன்பாலீர்ப்புடைய ஆடவர்கள். அவர்களுள்ளும் கறுப்பினத்தாரும் இலத்தீன் அமெரிக்க வழியினரும் பலர். அவர்கள் இன்றும் அன்போடு நினைவுகூரும் அரங்கு ஒன்று உண்டு. நகரின் கிங் தெருவில் 84ஆம் எண் கட்டடத்தில் இயங்கிய ‘பாரடைஸ் கராஜ்’ என்பதே அது.

அரங்கின் தோற்றம்

ஆடவர் இருவர் இணைந்து ஆடுவதே காவல்துறையின் நடவடிக்கைக்கு இடமளித்த காலம் நியூயார்க்கில் இருந்தது. 1969ஆம் ஆண்டு ஜூன் 28ஆம் நாள் ஸ்டோன்வால் என்னும் மதுவிடுதியில் காவலர் நடத்திய சோதனையை அங்கிருந்தோர் எதிர்த்து நின்றனர். அதன் பின்னரே இந்நிலை மெல்ல மாறத் தொடங்கியது. 1970ஆம் ஆண்டில் டேவிட் மன்குசோ என்பார் தம் இல்லத்தையே ஆடற்கூடமாக்கி நண்பர்களை அழைத்தார். ‘லாஃப்ட்’ என்று பெயர்பெற்ற அவ்விடத்தில் மது விற்கப்படவில்லை, அழைக்கப்பட்டோரே வந்தனர், ஒலியின் தூய்மையே முதன்மை பெற்றது. பின்னர்த் தோன்றிய பல அரங்குகளுக்கு இதுவே முன்மாதிரியாயிற்று.

பாரடைஸ் கராஜ் அவ்வழியில் வந்தது. மைக்கேல் பிராடி என்பார் வண்டிகள் நிறுத்தும் பழைய கட்டடம் ஒன்றை எடுத்து, 1977ஆம் ஆண்டில் பணிகள் முடியுமுன்பே அங்கு ஆடல் இரவுகளை நடத்தத் தொடங்கினார். வண்டிகள் ஏறுவதற்கென அமைந்த சாய்தளமே ஆடுவோர் ஏறிச்செல்லும் வழியாயிற்று. கீழிருந்து ஏறும்போதே மேலிருந்து வரும் முழக்கம் உடலில் அதிரும் என்று அங்குச் சென்றோர் பலரும் கூறுவர். மது விற்பனை அங்கும் இல்லை. உறுப்பினரும் அவர்தம் விருந்தினருமே உள்ளே செல்லலாம். வெள்ளியிரவு பலருக்கும் உரியதாகவும், சனியிரவு பெரிதும் தன்பாலீர்ப்புடைய ஆடவர்க்கு உரியதாகவும் விளங்கியது.

ஒலியமைப்பை ரிச்சர்டு லாங் என்பார் வடிவமைத்தார். தாழ்ந்த ஒலிகளுக்கெனத் தனி ஒலிபெருக்கிகளை அவர் அமைத்தார். பேரொலியாயினும் செவியை வருத்தாது உடலைத் தாங்கும் ஒலியே அவர் நாடியது. அரங்கேற்று காதை விளக்கின் நிழலைக் கருதியது போல, இவ்வரங்கை அமைத்தோர் ஒலியின் நிழலைக் கருதினர் எனலாம்.

இசைத்தட்டு இயக்குவோன் கலைஞனா?

இவ்வரங்கின் ஆசான் லாரி லெவான். 1954ஆம் ஆண்டில் புரூக்ளினில் பிறந்த அவர், அரங்கு தொடங்கிய நாள் முதல் மூடிய நாள் வரை அங்கே இசைத்தட்டுகளை இயக்கியவர். இங்கே ஒரு திறனாய்வுச் சிக்கல் எழுகின்றது. அவர் பாடவில்லை, அரங்கில் கருவி எதனையும் மீட்டவில்லை, பிறர் பாடிப் பதிவு செய்தவற்றையே ஒலிக்கச் செய்தார். அவரைக் கலைஞர் என்று கூறுதல் பொருந்துமா?

பொருந்தும் என்பதற்குத் தமிழ் மாணவர்க்குத் தொகைநூல்களே சான்றாகும். தொகுத்தோன் ஒரு பாடலையும் இயற்றாதிருக்கலாம். ஆயினும், எதன்பின் எது வரவேண்டும் என்று அவன் வகுத்த வைப்புமுறை படிப்போர் உள்ளத்தில் ஒரு புதுப்பொருளை உண்டாக்குகின்றது. லெவானின் கலையும் வைப்புமுறைக் கலையே. ஆனால், அவருடைய தொகை ஒவ்வோர் இரவும் புதிதாகத் தொகுக்கப்பட்டது; அவையின் முகம் பார்த்துத் தொகுக்கப்பட்டது. விரைந்த பாடலின்பின் மெதுவான பாடலை வைத்தும், ஒரே பாடலை மீண்டும் மீண்டும் ஒலிக்கச் செய்தும், எதிர்பாராத இடத்தில் அமைதியைப் புகுத்தியும் அவர் ஆடுவோரின் உள்ளத்தை நடத்திச் சென்றார்.

இதற்கு ஏற்ற எடுத்துக்காட்டு, 1981ஆம் ஆண்டில் டானா கார்ட்னர் பாடி வெளிவந்த ‘ஹார்ட்பீட்’ என்னும் பாடல். அதனை ஆடலுக்கென மறுசீரமைத்தவரும் லெவானே. அக்காலத்து ஆடல் இசையில் நிமிடத்திற்கு ஏறத்தாழ 120 தட்டுகள் அமைவது வழக்கம். இப்பாடலோ அதனினும் மிக மெதுவாக, நூறளவில் நடப்பது. முதன்முறை அது ஒலித்தபோது ஆடுவோர் தளத்தை விட்டு விலகினர் என்பர். லெவான் அதனைக் கைவிடவில்லை. தொடர்ந்து ஒலிக்கச் செய்தார். நாளடைவில் அவ்வரங்கின் உயிர்ப்பாடல்களுள் ஒன்றாக அது நிலைபெற்றது. அவை விரும்பியதைத் தருபவன் பணியாளன். அவை இனி விரும்பப்போவதை உணர்ந்து தருபவன் கலைஞன். மாணவர் அறியாத செய்யுளைப் பொறுமையோடு பலமுறை ஓதிக்காட்டும் நல்லாசிரியர்க்கு இவ்வேறுபாட்டினை விளக்கவேண்டியதில்லை.

சொல்லும் தாளமும்

டிஸ்கோப் பாடல்களில் பொருட்செறிவு இல்லை, சொன்னதையே திரும்பத் திரும்பச் சொல்கின்றன என்பது பரவலான குறை. ஏட்டில் எழுதிப் படித்தால் அக்குறை உண்மையே. ஆனால், ஆடற்பாடலை ஏட்டில் எழுதிப் படித்து எடைபோடுதல் முறையாகாது. கருநாடக இசையில் ஓர் அடியையே பலமுறை எடுத்து நிரவல் செய்யும்போது, சொல் மாறுவதில்லை. உணர்ச்சியே மாறி மாறி வளர்கின்றது. நாமாவளியில் ஒரே பெயர் நூறுமுறை ஒலிக்கின்றது. அதனை எவரும் பொருளற்றது என்று தள்ளுவதில்லை. திரும்பக் கூறல் சிந்தனைக்குக் குறையாகலாம். உடலும் உள்ளமும் ஒன்றுபடுதற்கு அதுவே வழியாகும்.

பாடலின் நீளமும் இதனோடு தொடர்புடையது. மூன்று நிமிட வானொலிப் பாடல் ஆடுவோர்க்குப் போதவில்லை. பாடலை நீட்டியும் பகுதிகளை மாற்றி அடுக்கியும் அமைக்கும் கலையை டாம் மோல்டன், வால்டர் கிப்பன்ஸ் போன்றோர் வளர்த்தனர். 1976ஆம் ஆண்டில் டபுள் எக்ஸ்போஷர் குழுவினரின் ‘டென் பெர்சென்ட்’ பாடலைக் கிப்பன்ஸ் ஒன்பது நிமிடங்களுக்கும் மேலாக நீட்டியமைத்தார். அது பன்னிரண்டு அங்குல இசைத்தட்டாகக் கடைகளில் விற்பனைக்கு வந்தது. அகன்ற தட்டில் வரிப்பள்ளங்கள் இடைவெளிவிட்டு அமைவதால் தாழ்ந்த ஒலிகள் ஆழமாகப் பதிந்தன. ஆடுவோரின் தேவை இசைத்தட்டின் வடிவத்தையே மாற்றிவிட்டது.

இனி, குரல். ஆடவர் திரண்டு ஆடிய அரங்கில் மிகுதியும் ஒலித்தவை பெண்குரல்கள். தேவாலயப் பாடற்குழுக்களில் பயின்ற லொலியாட்டா ஹாலவே போன்ற கறுப்பினப் பெண்டிர், காதலில் கைவிடப்பட்ட துயரையும், அதனைக் கடந்து நிற்கும் உறுதியையும் உரத்த குரலில் பாடினர். வெளியுலகில் தம் காதலை வாய்விட்டுச் சொல்ல இயலாத ஆடவர், அப்பெண்குரலில் தம் குரலைக் கேட்டனர். தமிழ் பயின்றோர்க்கு இது விளங்காத ஒன்றன்று. நம்மாழ்வார் பராங்குச நாயகியாகி இரங்கினார். திருமங்கையாழ்வார் பரகால நாயகியாகி உருகினார். அவர்கள் நாடியது இறைவனை; இவர்கள் நாடியது மானிடக் காதலை. இவ்வேறுபாடு பெரிது. எனினும், தன் ஏக்கத்தைச் சொல்ல இன்னொருவர் குரலை நாடும் உள்ளத்தின் இயல்பு இரண்டிடத்தும் ஒன்றே.

சான் பிரான்சிஸ்கோவில் புகழ்பெற்ற சில்வெஸ்டர் இதனை ஒருபடி மேலே கொண்டு சென்றார். அவர் தன்பாலீர்ப்பினை மறைக்காது வாழ்ந்தவர். இளமையில் தேவாலயத்தில் பாடிப் பயின்றவர். ஆணின் உயர்குரலில் அவர் பாடி 1978ஆம் ஆண்டில் வெளிவந்த ‘யூ மேக் மீ ஃபீல் (மைட்டி ரியல்)’ என்னும் பாடல் அமெரிக்காவின் கடல்கடந்தும் பரவியது. தாம் தாமாகவே இருக்கின்றோம் என்னும் எண்ணத்தையே அப்பாடல் கொண்டாடுகின்றது. நாளும் ஒரு பொய்முகம் அணிந்து அலுவலகம் சென்று மீண்டவர்க்கு அவ்வெண்ணம் எளிய பொருளாக இருந்திருக்க முடியாது.

வெறுப்பும் நோயும்

1979ஆம் ஆண்டு ஜூலை 12ஆம் நாள், சிகாகோ நகரின் பேஸ்பால் திடலில் டிஸ்கோ இசைத்தட்டுகளைக் குவித்து வெடிவைத்துத் தகர்க்கும் நிகழ்ச்சி ஒன்று நடந்தது. வானொலி அறிவிப்பாளர் ஒருவர் அதனை முன்னின்று நடத்தினார். கூட்டம் திடலுக்குள் புகுந்து குழப்பம் விளைத்ததால் அன்றைய இரண்டாம் ஆட்டமே கைவிடப்பட்டது. அது வெறும் இசைச்சுவை வேறுபாடே என்று வாதிடுவோர் இன்றும் உளர். ஆனால், வெடித்த தட்டுகளில் பெரும்பகுதி எவருடைய குரலைத் தாங்கியவை, எவர் ஆடி வளர்த்தவை என்று எண்ணிப்பார்ப்போர் அவ்வளவில் அமைதியடைய இயலாது. “இது இசையே அன்று” என்னும் தீர்ப்பைக் கேட்கும்போதெல்லாம், அது யாருடைய இசை என்று வினவுதல் திறனாய்வாளன் கடமையாகும்.

அதனினும் கொடியது நோய். 1982ஆம் ஆண்டு ஏப்ரல் 8ஆம் நாள், தன்பாலீர்ப்புடைய ஆடவரின் நலனுக்கென அவ்வாண்டில் தோன்றிய அமைப்பு தன் முதல் நிதிதிரட்டு விழாவைப் பாரடைஸ் கராஜில் நடத்தியது. எய்ட்ஸ் என்னும் பெயர்கூட அப்போது வழக்கிற்கு வரவில்லை. ஆடுவதற்கென அமைந்த அரங்கு, உயிர்காக்கும் முயற்சிக்கும் இடந்தந்தது. ஆயினும் இழப்புகள் தொடர்ந்தன. 1987ஆம் ஆண்டு செப்டம்பரில், வாடகை உடன்படிக்கை முடிந்த நிலையில் அரங்கு மூடப்பட்டது. பிராடியும் அவ்வாண்டு முடிவதற்குள் அந்நோயால் மறைந்தார். சில்வெஸ்டர் 1988ஆம் ஆண்டிலும், அங்குப் பல இரவுகள் ஆடி மகிழ்ந்த ஓவியர் கீத் ஹேரிங் 1990ஆம் ஆண்டிலும் எய்ட்ஸ் நோய்க்கு இரையாயினர். போதைப்பழக்கத்தால் உடல்நலம் குன்றிய லெவான் 1992ஆம் ஆண்டில், 38ஆம் வயதில் இதயநோயால் இறந்தார்.

நினைவை எடைபோடுதல்

இவ்வரங்கைப் பற்றிய எழுத்துகள் பல கையறுநிலைப் பாங்கில் அமைந்துள்ளன. அது இயல்பே. ஆனால் கையறுநிலை, பிரிந்ததன் பெருமையை மட்டுமே பேசுவது. திறனாய்வு குறையையும் பேசவேண்டும். யாவரையும் ஏற்ற சொர்க்கம் என்று அவ்வரங்கைப் புகழ்வோர், உறுப்பினராதற்கு நேர்காணல் இருந்ததையும் சனியிரவில் பெண்டிர்க்கு இடம் அரிதாயிருந்ததையும் மறக்கின்றனர். 1980ஆம் ஆண்டில் அதே நகரில் தொடங்கிய ‘செயிண்ட்’ என்னும் அரங்கு பெரிதும் வெள்ளையர்க்கே உரியதாய் இருந்தது. ஒடுக்கப்பட்டோர் கூடிய இடத்திலும் உயர்வு தாழ்வு முற்றும் ஒழிந்துவிடவில்லை. இரவெல்லாம் ஆடும் வலிமைக்குப் போதைப்பொருளும் துணைநின்றது. அதன் விலையை லெவானின் வாழ்வே காட்டும்.

இக்குறைகளைக் கூறியபின்னும் எஞ்சுவது சிறிதன்று. லெவானின் இளமைத் தோழர் பிராங்கி நக்கிள்ஸ் சிகாகோவில் இயக்கிய ‘வேர்ஹவுஸ்’ அரங்கின் பெயரால் ‘ஹவுஸ்’ என்னும் இசைவகையும், பாரடைஸ் கராஜின் பெயரால் ‘கராஜ்’ என்னும் இசைவகையும் வழங்கலாயின. ஊரின் பெயரால் பண் வழங்குவதுண்டு. ஆடற்கூடத்தின் பெயரால் இசைவகை வழங்குவது அரிது.

லெவான் 1979ஆம் ஆண்டில் அவ்வரங்கில் நிகழ்த்திய இசையின் பதிவொன்று 2000ஆம் ஆண்டில் வெளியிடப்பட்டது. அதனைக் கேட்போர் வைப்புமுறையை அறியலாம். லாங்கின் ஒலிபெருக்கிகள் நெஞ்சில் எழுப்பிய அதிர்வை அறிய இயலாது. உடன் ஆடியோரின் வியர்வையையும் வெப்பத்தையும் அறிய இயலாது. அவற்றைச் சொல்லவேண்டியவர்களுள் பலர் நாற்பது வயதைக் காணாமலே மறைந்தனர். மற்றக் கலைகளில் அரங்கு அழிந்தாலும் அவையோர் எஞ்சி நின்று சான்றுரைப்பர். இங்கே அவையும் பாதி அழிந்தது. கட்டடமும் 2018ஆம் ஆண்டில் இடிக்கப்பட்டது.

ஆகவே, எஞ்சியோர் கூறும் நினைவுரைகளை வெறும் ஏக்கப் புலம்பல் என்று ஒதுக்குதல் தகாது. அவை ஒரு கலையின் உரைநூல்கள். மூலம் சிதைந்த நூலுக்கு உரையாசிரியர் எடுத்தாளும் மேற்கோளே சான்றாவது போல, இவ்வரங்கின் கலைக்கு அவர்தம் சொற்களே சான்றாகின்றன. மிகைபடக் கூறலைக் களைந்து, குன்றக் கூறலை நிரப்பி, அவற்றை ஒப்புநோக்கிப் படித்தல் வேண்டும். மாணவர்க்கு இலக்கியம் கற்பிப்போர் இம்முறையை நன்கறிவர். ஏட்டில் உள்ள பாட்டுக்கு மட்டுமன்றி, உடலால் ஆடப்பட்டு மறைந்த பாட்டுக்கும் அம்முறை உரியது என்பதே இவ்வரங்கின் வரலாறு கற்பிக்கும் பாடமாகும்.