இரண்டு ஸ்வரம் போதும்

அமெரிக்கப் பள்ளி ஜாஸ் பேண்டுகளில் பெரும்பாலும் ஐந்து சாக்ஸபோன், நான்கு டிரம்பெட், நான்கு டிராம்போன். கூடவே பியானோ, பாஸ், டிரம்ஸ். இத்தனை பேரின் மூச்சையும் காதையும் ஒன்றுசேர்க்கத்தான் தயார்ப் பயிற்சி.

நீண்ட ஸ்வரங்களை மெதுவாக ஊதித் தொடங்குவது நல்ல பழக்கம். சுருதி அங்கேதான் சேர்கிறது. பிறகு அதே ஸ்வர வரிசையை ஸ்விங் நடையில் வாசிக்கச் சொன்னால் அறையின் முகமே மாறிவிடும். ஜோடி ஸ்வரங்களில் முதலாவது சற்று நீளும். அழுத்தமோ பல இடங்களில் இரண்டாவதில் விழும். இதை முதலில் வாயால் பாடிவிட்டு ஊதுகிற மாணவர்கள் சீக்கிரம் பிடித்துக்கொள்கிறார்கள்.

ஜாஸ் இசையமைப்பாளர் டியூக் எலிங்டனின் 'சி ஜாம் புளூஸ்' இந்தப் பயிற்சிக்கு அருமையான துணை. மெட்டில் இரண்டே ஸ்வரங்கள். விரலுக்கு வேலை குறைவு என்பதால் கவனமெல்லாம் தாளத்துக்கும், ஒலியை எங்கே நிறுத்துவது என்பதற்கும் போகிறது. கூச்சமுள்ள பிள்ளையும் அதில் துணிந்து தனி வாசிப்பு எடுக்கலாம்.

பயிற்சி முடிந்து நிகழ்ச்சிக்கு வந்தால், உருப்படித் தேர்வில் வேகத்தை மட்டும் பார்ப்பது தவறு. நீல் ஹெஃப்டி கவுண்ட் பேஸி குழுவுக்கு எழுதிய 'லில் டார்லின்' மிக மெதுவானது. ஆனால் வேகம் கூட்டாமல் அதைக் காப்பாற்றுவது அனுபவசாலிகளுக்கே சவால். முதல் டிரம்பெட்காரரின் உதடும் முக்கியம். உச்ச ஸ்வரங்கள் நிறைந்த இரண்டு உருப்படிகளை அடுத்தடுத்து வைத்தால் இரண்டாவதில் ஒலி உடைந்துவிடும்.

உருப்படிகள் கிடைக்கவும் வழி உண்டு. அமெரிக்காவின் லிங்கன் சென்டர் கலை மையத்தின் 'எசென்ஷியலி எலிங்டன்' திட்டம் 1990களின் நடுவிலிருந்து எலிங்டனின் இசைக்குறிப்புகளைப் பள்ளிகளுக்கு இலவசமாக அனுப்புகிறது. பதினாறு வயதுப் பிள்ளைகள் அவற்றை மூலப் பதிவோடு ஒப்பிட்டுக் கேட்டு வாசிக்கிறார்கள்.