மிச்சமும் முதல் வரிசையும்

நியூயார்க்கின் டைம்ஸ் சதுக்கத்தின் வடகோடியில், 47ஆம் தெருவை ஒட்டி, சிவப்புக் கண்ணாடிப் படிக்கட்டு ஒன்று இருக்கிறது. ஊர் பார்க்க வந்தவர்கள் அதில் ஏறி உட்கார்ந்து விளம்பரப் பலகைகளின் வெளிச்சத்தில் படம் எடுத்துக்கொள்வார்கள். படிகளுக்கு அடியில்தான் டி.கே.டி.எஸ். சாவடியின் டிக்கெட் சன்னல்கள். அன்றைய காட்சிக்கு விற்காமல் நிற்கும் பிராட்வே டிக்கெட்டுகள் அங்கே 20 முதல் 50 சதவீதம் வரை விலை குறைந்து கிடைக்கும். நியூஜெர்சியில் இருக்கும் மகன் வீட்டுக்கு வந்த தமிழ்ப் பெற்றோர் பிராட்வே நாடகம் ஒன்று பார்க்க ஆசைப்பட்டால், அக்கம்பக்கத்தார் சொல்லும் முதல் யோசனை பெரும்பாலும் இதுவாகத்தான் இருக்கும்: “நேரா போய் வரிசைல நில்லுங்க, பாதி விலைக்குக் கிடைக்கும்.”

யோசனை தப்பில்லை. ஆனால் அது பாதி யோசனை.

சாவடி பிறந்தது 1973 ஜூன் 25 அன்று. நகரத்தின் கஜானா கரைந்துகொண்டிருந்த காலம் அது. டைம்ஸ் சதுக்கத்துக்கு இருட்டிய பிறகு போகவே பலர் அஞ்சினார்கள். அரங்குகளில் காலி நாற்காலிகள் பெருகின. இன்றிரவு காலியாகக் கிடந்த நாற்காலியை நாளைக்கு யாருக்கும் விற்க முடியாது. திரை தூக்கிய நொடியில் அதன் விலை பூஜ்யம். இந்த எளிய கணக்கின்மேல்தான் நாடக வளர்ச்சி நிதியம் என்ற லாப நோக்கில்லாத அமைப்பு சாவடியைத் தொடங்கியது. இன்றும் அதுவே நடத்துகிறது. 1980இல் லண்டன் லெஸ்டர் சதுக்கத்திலும் இதே பாணியில் ஒரு சாவடி வந்தது. ஐம்பதாண்டு தாண்டியும் முறை நிலைத்திருப்பதற்குக் காரணம், தயாரிப்பாளர், நடிகர், பார்வையாளர் என்று மூவருக்கும் அதில் ஏதோ ஒன்று கிடைக்கிறது என்பதே.

இன்னொரு நல்லதையும் சொல்லியாக வேண்டும். பாட்டு இல்லாத உரைநடை நாடகங்களுக்கு மட்டும் அங்கே தனி வரிசை உண்டு. அது வேகமாக நகரும். பெரிய இசைநாடகங்களுக்குப் பேருந்து முழுக்க விளம்பரம் ஒட்டப் பணம் இருக்கிறது. பெயர் தெரியாத ஒருவர் எழுதிய புது நாடகத்துக்கு அது இல்லை. அந்தத் தனிச் சன்னல் அப்படிப்பட்ட நாடகத்துக்கு ஆள் சேர்க்கிறது. வரிசையோரமாக நடந்தபடி, கதை என்ன, குழந்தைகளுக்கு ஆகுமா என்று விளக்கிச் சொல்லும் ஊழியர்களும் இருக்கிறார்கள். இணையத்தில் கட்டம் கட்டமாகப் பார்த்து வாங்குவதில் இந்தப் பேச்சுத்துணை கிடைப்பதில்லை.

குறை வேறிடத்தில் இருக்கிறது. சாவடியின் மின்பலகை எது நல்ல நாடகம் என்று சொல்வதில்லை. எது விற்கவில்லை என்று சொல்கிறது. இரண்டும் வேறு வேறு என்பதை வரிசையில் நிற்பவர் மறந்துவிடுகிறார். வீட்டிலிருந்து கிளம்பும்போது ஒரு நாடகத்தை மனதில் வைத்திருப்பார். பலகையில் அது இருக்காது. இவ்வளவு நேரம் நின்றாயிற்றே என்று 50 சதவீதம் எனப் போட்டிருக்கும் எதையாவது வாங்கிக்கொண்டு போவார். தள்ளுபடியே அவருக்காகத் தேர்ந்தெடுத்துவிடுகிறது. இரண்டரை மணி நேரம் இருட்டில் உட்காரப் போகிற ஒரு விஷயத்தில், இது பெரிய விட்டுக்கொடுப்பு.

விமர்சனத்தை மட்டும் நம்பினால் சரியாகிவிடுமா என்றால் அதுவும் இல்லை. ‘விக்கெட்’ இசைநாடகம் 2003இல் வந்தபோது விமர்சகர்கள் ஒரே குரலில் பாராட்டிவிடவில்லை. அடுத்த ஆண்டு சிறந்த இசைநாடகத்துக்கான டோனி விருதும் ‘அவென்யூ க்யூ’வுக்குப் போனது. ஆனால் ‘விக்கெட்’ இன்றும் ஓடுகிறது. ஏ.ஆர்.ரகுமான் இசையமைத்த ‘பாம்பே ட்ரீம்ஸ்’ லண்டனில் இரண்டு ஆண்டு ஓடியது; பிராட்வேக்கு 2004இல் வந்து, 284 காட்சிகளோடு முடிந்தது. அந்த இசைக்காகவே அதைத் தேடிப்போன தமிழருக்கு, பலகையின் தள்ளுபடியோ பத்திரிகையின் தீர்ப்போ எதைச் சொல்லிவிட முடியும்? அவர் எதற்காகப் போகிறார் என்பது அவருக்குத்தான் தெரியும். முதலில் அது தெளிவாக வேண்டும். டிக்கெட் வாங்கும் வழி அதற்குப் பிறகுதான்.

இருக்கை விஷயத்தில் சாவடி இன்னும் அதிகம் தடுமாறுகிறது. பிராட்வே என்று கணக்கில் வரும் 41 அரங்குகளில் பெரும்பாலானவை 1930க்கு முன்பு கட்டியவை; லைசியம் 1903இலேயே திறந்தது. ஓரத்தில் உட்கார்ந்தால் மேடையின் ஒரு பக்கம் மறையும். தரைத்தளத்தின் பின்வரிசைகளுக்கு மேல் மாடி நீட்டிக்கொண்டிருப்பதால் உயரமான காட்சியமைப்பின் மேற்பகுதி வெட்டுப்படும். கூட்டமாக ஆடும் நடனத்தின் கோலம் முழுதாகத் தெரிய வேண்டுமானால் மாடியின் முன்வரிசை நடு இருக்கைதான் சரி. ‘தி லயன் கிங்’கின் தொடக்கத்தில் விலங்குகள் பார்வையாளர்களுக்கு நடுவே நடைபாதை வழியாக மேடைக்கு வருகின்றன, அங்கே தரைத்தளத்தில் நடைபாதையோர நாற்காலிக்கு ஈடு கிடையாது. ஆக, நல்ல இருக்கை என்பது அரங்குக்கு அரங்கு, நாடகத்துக்கு நாடகம் மாறுகிறது. சாவடியில் அதை நிதானமாக யோசிக்க நேரமில்லை. பின்னால் நூறு பேர் நிற்கிறார்கள். கணினியில் இருப்பது கிடைக்கும். சில நாள் அது கடைசி நேரத்தில் திரும்பி வந்த அருமையான நடு இருக்கை, சில நாள் தூணுக்குப் பக்கம். விலையிலும் ஒரு மயக்கம் உண்டு: அங்கே தள்ளுபடியில் வருபவை பெரும்பாலும் விலை கூடிய இருக்கைகள். அதே நாடகத்தின் மாடிப் பின்வரிசையை அரங்கின் சொந்தச் சன்னலிலேயே அதைவிடக் குறைவாக வாங்க முடிகிற நாள்களும் உண்டு.

மிச்சத்தை விற்பதில் தொடங்காமல், நல்ல இருக்கையையே எடுத்துக் கொடுத்த முறையும் பிராட்வேயில் இருந்தது. அதைத்தான் இன்று அதிகம் பேச வேண்டும்.

ஜொனாதன் லார்சனின் ‘ரென்ட்’ இசைநாடகம் 1996 ஏப்ரலில் நெடர்லேண்டர் அரங்குக்கு வந்தது. வாடகை கொடுக்க வழியில்லாத இளம் கலைஞர்களின் கதை. அதற்கு முன்பு, ஒரு சிறிய அரங்கில் முதல் முன்னோட்டக் காட்சி நடக்கவிருந்த நாளின் விடியற்காலையில், 35 வயதில் லார்சன் இறந்துபோயிருந்தார். யாரைப் பற்றிய நாடகமோ அவர்களே பார்க்க முடியாத விலை வைப்பது நியாயமில்லை என்று தயாரிப்பாளர்கள் முடிவு செய்தார்கள். ஒவ்வொரு காட்சிக்கும் முதல் இரண்டு வரிசையில் 34 இருக்கைகள், தலா 20 டாலர். மாடிக் கோடியில் ஒதுக்காமல் நடிகரின் வேர்வை தெரியும் தூரத்தில் கொடுத்தார்கள். இளைஞர்கள் முந்தின இரவே வந்து நடைபாதையில் படுத்தார்கள். கூட்டம் கட்டுக்கடங்காமல் போனதும் வரிசையைக் குலுக்கலாக மாற்றினார்கள். காசு குறைந்தவருக்குப் பின்னிருக்கை என்ற பழக்கத்தை இந்த ஏற்பாடு தலைகீழாக்கியது. மேடைக்கும் இது லாபம்: முன்வரிசையில் ஆசை ஆசையாக வந்தவர்கள் உட்கார்ந்திருந்தால் நடிப்பவருக்கு அது தெரியும். ‘ரென்ட்’ 2008 வரை 5,123 காட்சிகள் ஓடியது.

எதிர்த்திசையிலும் நாடக உலகம் வேகமாகவே போனது. 2001இல் ‘தி புரொட்யூசர்ஸ்’ இசைநாடகம் சில நடு இருக்கைகளுக்கு 480 டாலர் விலை வைத்தது. பிளாக்கில் விற்பவர் பையில் போகும் பணம் நாடகத்தைப் படைத்தவர்களுக்கே வரட்டும் என்பது சொன்ன காரணம். அந்த வாதத்தில் நியாயம் இருக்கிறது. ஆனால் திறந்த கதவு மூடவில்லை. 2016இல் ‘ஹாமில்டன்’ இசைநாடகம் உயர்தர இருக்கைகளை 849 டாலராக்கியது. 2025இல் டென்சல் வாஷிங்டன் நடித்த ‘ஒதெல்லோ’வுக்கு 921 டாலர்.

‘ஹாமில்டன்’ செய்த மற்றதையும் சேர்த்துப் பார்ப்பதே நேர்மை. 849 டாலர் அறிவித்த அதே வேளையில், 10 டாலர் குலுக்கல் இருக்கைகளை 21இலிருந்து 46ஆக உயர்த்தினார்கள். தொடக்கத்தில் குலுக்கல் ரிச்சர்ட் ரோஜர்ஸ் அரங்கின் வாசலிலேயே நடந்தது. டிக்கெட் கிடைக்காதவரும் வெறுங்கையோடு திரும்பக் கூடாதென்று நாடகத்தை எழுதி நடித்த லின்-மனுவெல் மிராண்டா தெருவில் நின்று சின்ன நிகழ்ச்சி நடத்துவார். 2016 ஜனவரியில் குலுக்கல் இணையத்துக்குப் போன முதல் நாளே 50,000க்கு மேல் பெயர்கள் குவிந்து தளம் முடங்கியது. வேலையை விட்டுவிட்டு வாசலில் வந்து நிற்க முடியாதவருக்கு இணையம் வசதிதான். ஆனால் வாசலில் பெயர் எழுதிப் போட்டவர் அந்த நாடகத்துக்காகவே வந்தவர்; கைப்பேசியில் ஒரே நேரத்தில் பத்து நாடகத்துக்குப் பெயர் கொடுப்பவருக்கு எது விழுகிறதோ அதுதான் அன்றைய நாடகம். சாவடியின் குறை புது உருவில் திரும்பி வந்துவிட்டது.

மென்பொருளால் டிக்கெட்டை மொத்தமாக அள்ளுவோரைத் தடுக்கச் சட்டம் வேண்டுமென்று 2016இல் மிராண்டா வெளிப்படையாக எழுதினார். அந்த ஆண்டே நியூயார்க் மாநிலம் அதைக் குற்றமாக்கியது. டிசம்பரில் ஒபாமா கையெழுத்தில் நாடு தழுவிய சட்டமும் வந்தது.

விலையே இல்லாத வழியும் ஒன்று உண்டு. டைம்ஸ் சதுக்கத்துக்கு வடக்கே, சென்ட்ரல் பூங்காவில் டெலகோர்ட் திறந்தவெளி அரங்கு இருக்கிறது. சுமார் 1,800 இருக்கைகள். 1962இலிருந்து, நாடகத் தயாரிப்பாளர் ஜோசப் பாப் தொடங்கி வைத்த வழக்கப்படி கோடையில் ஷேக்ஸ்பியர் நாடகம் இலவசம். விடியும் முன்பே போர்வையும் புத்தகமுமாக மக்கள் வரிசை பிடிப்பார்கள். நண்பகலில் ஆளுக்கு இரண்டு டிக்கெட். என்ன நாடகம் என்று அங்கே யாரும் பலகையைப் பார்த்து முடிவு செய்வதில்லை. முடிவு செய்துவிட்டுத்தான் வந்திருக்கிறார்கள். 2010இல் அல் பசினோ ஷேக்ஸ்பியரின் ஷைலக் பாத்திரத்தில் அங்கே நடித்தபோது, பிறருக்குப் பதிலாக வரிசையில் நிற்க 125 டாலர் வரை கூலி கேட்டவர்கள் கிளம்பினார்கள். மாநிலத் தலைமை வழக்கறிஞராக அப்போது இருந்த ஆண்ட்ரூ க்யூமோ அதை நிறுத்தச் சொல்லித் தலையிட்டார். வரிப்பணம் சேரும் ஓர் அமைப்பின் பயன் ஊர்மக்களுக்கே போய்ச் சேர வேண்டும் என்பது அவர் வைத்த வாதம்.