ஓநாயின் உபதேசம்

விலங்கின் வாயில் அறிவுரையை வைப்பது மிகப் பழைய வழக்கம். இணையம் அதனைப் புதிதாகக் கண்டுபிடித்துவிடவில்லை. ஆனால், எடுத்துக்கொண்டபோது எதனை உதறிவிட்டது என்பது நாம் ஆராயத்தக்கது.

2006இல் 'அட்வைஸ் டாக்' எனும் படம் ஆங்கில இணையவெளியில் உலவத் தொடங்கியது. பல வண்ணக் கதிர்கள் விரியும் பின்புலம். நடுவே ஒரு நாய்க்குட்டியின் முகம். மேலே ஒரு வரி, கீழே ஒரு வரி. அக்குட்டி வழங்கியவை பெரும்பாலும் கோணல் ஆலோசனைகள். 2008இல் அதே சட்டகத்துக்குள் பல்லைக் காட்டி உறுமும் ஓநாய் ஒன்று நுழைந்தது. 'கரேஜ் வுல்ஃப்', அதாவது துணிவின் ஓநாய். எழுத்துக்கள், 1965இல் ஜெஃப்ரி லீ வடிவமைத்த 'இம்பாக்ட்' வகையைச் சேர்ந்தவை. தடித்து நெருங்கிய அவ்வெழுத்தில் எதை எழுதினாலும் கட்டளையாகவே ஒலிக்கும். அஞ்சாதே, தயங்காதே, வலியைப் பொருட்படுத்தாதே என்பதே ஓநாயின் ஓயாத பல்லவி.

இதனை வெறும் கேலி என ஒதுக்க நமக்கு மனமில்லை. நேரடியாகச் சொன்னால் போதனை என்று முகம் சுளிப்பவனும், சிரித்துக்கொண்டே அதனை உள்வாங்க முடிந்தது. மிகைதான் அதன் வசீகரம். அதுவே அதன் நோயும் ஆயிற்று.

இங்கே 'கலீலா வ திம்னா' நினைவுக்கு வருகிறது. பஞ்சதந்திரம் பஹ்லவி மொழிவழியே பயணித்து, எட்டாம் நூற்றாண்டில் இப்னுல் முகஃப்பஃவின் கையால் அரபு வடிவம் பெற்றது. அதில் திம்னா எனும் நரியும் ஆலோசகன்தான். அவன் பேச்சைக் கேட்ட சிங்கம், தன் நண்பனாகிய காளையைக் கொன்றுவிடுகிறது. சமஸ்கிருத மூலத்தில் அந்நரி தண்டனையின்றித் தப்புகிறது. அரபு நூலோ தனி அத்தியாயமே வகுத்து அவனை விசாரணைக்கு நிறுத்துகிறது. சாட்சியம் கேட்டு மரண தண்டனையும் விதிக்கிறது. சொன்ன சொல்லுக்குச் சொன்னவன் பதில் கூற வேண்டும் எனும் நியதி அங்கே உண்டு.

ஓநாய்க்கு அத்தகைய வழக்கு மன்றம் இல்லை. யாரிடம் பேசுகிறோம், கேட்பவன் எந்த நிலையில் இருக்கிறான் என்பவற்றை இரண்டு வரிகளால் விசாரிக்க இயலாது. கடன்பட்டவனுக்கும் நோயாளிக்கும் காதலில் தோற்றவனுக்கும் ஒரே உறுமல்! கதை இல்லாததால் அடுத்தது என்னவென்று வளரவும் வழியில்லை. குரலை உயர்த்துவது ஒன்றே எஞ்சியிருந்தது.

உயர்த்தினார்கள். விரைவிலேயே 'இன்சானிட்டி வுல்ஃப்' எனும் பித்த ஓநாய் பிறந்தது. துணிவு வன்முறையாயிற்று, ஊக்கம் கொடூர நகைச்சுவையாயிற்று. இரண்டு படங்களையும் அருகருகே வைத்துப் பார்க்கையில், முன்னதன் பற்களிலேயே பின்னது ஒளிந்திருந்ததோ என நமக்குத் தோன்றுவதுண்டு. 2010களின் நடுப்பகுதிக்குள் இருவரிப் படம் எனும் வடிவமே பழங்கோலமாகிவிட்டது. ஓநாயும் அத்துடன் போயிற்று.