கருத்து மாறுபாடும் அளவுகோலும்: ஊவாத் தோட்டங்களை முன்வைத்து ஒரு நோக்கு

மனிதர் ஏன் கருத்து மாறுபடுகின்றனர் என்னும் வினாவுக்கு இரு விடைகள் கூறப்படுவதுண்டு. அறியாமையே காரணம் என்பர் ஒரு சாரார். உண்மைகளை எடுத்துரைப்பின் பிணக்குத் தீரும் என்பது அவர்தம் நம்பிக்கை. வர்க்க நலனே காரணம் என்பர் பிறிதொரு சாரார். நலன்கள் முரண்படும்வரை விவாதம் வீண் என்பது அவர்தம் முடிபு. இரண்டிலும் உண்மை உண்டு. ஆயின் பதுளையைச் சூழ்ந்த ஊவாப் பெருந்தோட்டங்களின் வாழ்வை நோக்குமிடத்து, இவ்விரு விடைகளும் போதாமை புலனாகும்.

கொழுந்து நிறுக்கும் இடத்தை முதலில் எடுத்துக்கொள்வோம். தராசு காட்டும் எண்ணைக் கொழுந்து பறித்த பெண்ணும் கணக்கப்பிள்ளையும் ஒருசேரக் காண்கின்றனர். எண்ணில் ஐயமில்லை. சாக்கின் எடைக்கும் இலையில் தங்கிய ஈரத்துக்குமாக எவ்வளவு கழிப்பது என்பதிலேயே பிணக்குத் தோன்றுகின்றது. குறித்த நிறையை எட்டாதவருக்குச் செக்ரோலில் விழுவது அரைப்பேர். இங்கு 'ஒரு நாள்' என்னும் சொல் இரு பொருள் பெறுகின்றது. தொழிலாளிக்கு அது காலைப் பெரட்டு முதல் மாலை நிறுவை வரை மலைச்சரிவில் நின்ற பொழுது. நிருவாகத்துக்கு அது இத்தனை கிலோ. 2021 மார்ச்சில் நாட்சம்பளம், அடிப்படை 900 ரூபாவும் படி 100 ரூபாவுமாக 1000 ரூபா என வர்த்தமானியில் அறிவிக்கப்பட்டது. கம்பனிகள் நீதிமன்றம் சென்றன. பறிக்க வேண்டிய கொழுந்தின் அளவு கூட்டப்பட்டதெனத் தொழிலாளர் முறையிட்டனர். ரூபாவின் தொகை குறிக்கப்பட்ட பின்னரும் நாளின் பொருள் தீரவில்லை.

இதனை விளக்கிக்கொள்ள நமது தருக்க மரபு துணைசெய்யும். பக்கம், ஏது, திட்டாந்தம் என்பவற்றை மணிமேகலையின் 29ஆம் காதை விரித்துரைக்கின்றது. மலையில் நெருப்புண்டு என்பது பக்கம், புகை தோன்றுவது ஏது, அடுக்களை திட்டாந்தம். அடுக்களையில் புகையும் நெருப்பும் உடனிருத்தலை வாதிகள் இருவரும் அறிவர். ஆதலினாலேயே வாதம் முடிவெய்துகின்றது. இருவருக்கும் ஒப்பமுடிந்த எடுத்துக்காட்டு இல்லாதவிடத்து ஏதுக்கள் எத்துணை வலியனவாயினும் பயன்படா. துரையின் பங்களாவுக்கும் லயத்துக் காம்பராவுக்கும் பொதுவான அடுக்களை இருந்ததில்லை.

அவ்வாறாயின் வர்க்க வேறுபாடே அனைத்தையும் விளக்கிவிடுகின்றது எனலாமா? 1964 ஒக்டோபரில் கைச்சாத்தான சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தம் அதனை மறுக்கின்றது. 9,75,000 பேரில் 5,25,000 பேர் இந்தியாவுக்கும் 3,00,000 பேர் இலங்கைக்கும் உரியோராக வகுக்கப்பட்டனர். எஞ்சிய 1,50,000 பேரின் நிலை 1974 வரை தீர்மானிக்கப்படவில்லை. எந்நாட்டுக்கு விண்ணப்பிப்பது என்பதில் ஒரே லயத்தில், ஒரே கூலி பெற்றோரே வேறுபட்டு நின்றனர். ஒருவர் கடல்கடந்த உறவை அளவுகோலாகக் கொண்டார். மற்றொருவர் பெற்றோரைப் புதைத்த தேயிலை மலையைக் கொண்டார். நலன் ஒன்றாயிருந்தும் அனுபவம் வெவ்வேறு அளவுகோல்களைத் தந்தது. இம்மாறுபாட்டை அறியாமை என்றோ போலிப் பிரக்ஞை என்றோ ஒதுக்குதல் நேர்மையாகாது.

ஆயினும் அவர்கள் தமக்குள் விவாதிக்கத் தொடங்குமுன்னரே தொகைகள் வகுக்கப்பட்டுவிட்டன என்பது மனங்கொள்ளத்தக்கது. ஒருவர் கூறுவது சரியா பிழையா என்னும் வினாவுக்கு முன்னர், அவர் கூறுவதை வாதமாகக் கொள்வதா என்னும் வினா எழுகின்றது. கடனைத் தீர்த்தாலன்றி வேறு தோட்டம் செல்லவிடாத துண்டு முறை 1921இல் ஒழிக்கப்படும்வரை, தொழிலாளியின் மறுப்பு வாதமாகவன்றிப் பணியாமையாகவே கொள்ளப்பட்டது. 1940இல் ஊவாவில் பரவிய வேலைநிறுத்தங்களின்போது வேவெஸ்ஸத் தோட்டத் தொழிலாளர் தமக்கெனச் சபையொன்றைத் தெரிவுசெய்து, அதனைக் கலந்தே துரை செயற்பட வேண்டுமென்பதை ஏற்கச்செய்தனர். அவர்கள் வாதிகளாக மதிக்கப்பட்டமையே அச்சபையின் சிறப்பு. அது நிலைக்கவில்லை. அவ்வாண்டு ஜூனில் லங்கா சமசமாஜக் கட்சித் தலைவர்கள் கைதுசெய்யப்பட்டனர். 1948இன் குடியுரிமைச் சட்டம் மலையக மக்களிற் பெரும்பாலாரை நாடற்றோராக்கி, நாட்டின் பொது விவாதத்திலிருந்தே விலக்கிற்று. 2003ஆம் ஆண்டின் சட்டம் வரை அவ்விடர் முற்றாக நீங்கவில்லை.

ஆகவே கருத்து மாறுபாட்டைச் சமூகத்தின் நோயெனக் கருதுதல் தவறு. வேறுபட்ட வாழ்விலிருந்து வேறுபட்ட அளவுகோல்கள் பிறத்தல் இயல்பு. ஒரு தரப்பின் அளவுகோலையே பொது அளவுகோலாக நிறுவி, மறுதரப்பின் சொல்லை வாதக் கணக்கிற் சேர்க்காது விடுதலே நோய். மலையக ஆக்கங்களை மதிப்பிடும் முற்போக்கு விமர்சகர் இதனைக் கருத்திற்கொள்ளல் வேண்டும். கதையின் இறுதியிற் கோஷம் ஒலிக்கின்றதா என்று தேடுவதினும், கொழுந்து நிறுக்கும் இடத்தில் அப்பெண் எதனை அளவுகோலாகக் கொண்டு பேசுகின்றாள், அவளது சொல்லை யார் கணக்கிற் சேர்க்கின்றனர் என்று வினவுதல் பயனுடைத்து.