விரற்கடைக் கொடியில் மார்க்கரும் டெக்காலும்

1415-இல் அஜின்கோர்ட் களத்தில் நின்ற இங்கிலாந்து மன்னர் ஐந்தாம் ஹென்றியின் அரசக் கொடி நான்கு கட்டங்கள் கொண்டது. இரண்டில் நீலத்தின் மேல் மும்மூன்று பொன் அல்லிகள், மற்ற இரண்டில் சிவப்பின் மேல் மும்மூன்று பொன் சிங்கங்கள். சிங்கங்களுக்கு நாக்கும் நகமும் நீலம். 28 மில்லிமீட்டர் உயரமுள்ள போர்வீரன் பொம்மையின் கையில் இந்தப் பன்னிரண்டு உருவங்களும் ஏறக்குறைய ஓர் அங்குலச் சதுரத்துக்குள் அடங்க வேண்டும். பின்பக்கத்திலும் அதே பன்னிரண்டு. ஆனால் திருப்பிப் போட்டு. கொடிச் சிங்கம் எந்தப் பக்கத்திலும் கம்பத்தை நோக்கித்தான் நடக்கும்.

வெறும் தூரிகையால் இதைத் தீட்டக்கூடியவர்கள் மிகச் சிலர். மற்றவர்களுக்கு நுண்முனை மார்க்கரும், நீரில் ஊறவைத்து ஒட்டும் டெக்காலும் இந்த வாசலைத் திறந்துவிட்டன. இதைக் குறுக்குவழி என்று தள்ளுவதை நான் ஏற்கவில்லை. வரலாற்றுக் கொடியில் அல்லியின் எண்ணிக்கை தவறினால் ஆண்டே தவறிவிடும்: 1346 கிரெஸிப் போரில் மூன்றாம் எட்வர்டின் கொடியில் அல்லிகள் மூன்று மூன்றாக இல்லை, நீலம் முழுக்க இறைந்து கிடந்தன. இத்தகைய துல்லியத்தை நல்ல டெக்கால் எல்லோருக்கும் கொடுக்கிறது.

மார்க்கரின் பலம் கோடு. சகுரா நிறுவனத்தின் பிக்மா மைக்ரான் 005 பேனா 0.20 மில்லிமீட்டர் கோடு இழுக்கும். தூரிகை நுனியில் அக்ரிலிக் காய்ந்து எழுத்து பாதியில் அறுந்துபோகும் தொல்லை இதில் கிடையாது. நெப்போலியன் படையின் 1812 மாதிரிக் கொடிகளில் வரிவரியாக நிற்கும் போர்க்களப் பெயர்களுக்கு இதைவிட வசதியான கருவி எனக்குத் தெரியவில்லை. ஆனால் அடர்நிறத் துணியின் மேல் இந்த மை எடுபடாது. எடுபடும் போஸ்கா பெயின்ட் மார்க்கரில் மிக மெல்லிய முனையே 0.7 மில்லிமீட்டர்; சிங்கத்தின் நாக்குக்கு அது தடிமன். ஆல்கஹால் மையில் வரைந்துவிட்டு ஸ்பிரே வார்னிஷ் அடித்தால் கோடு கசிந்து பரவக்கூடும். இவற்றையெல்லாம் சமாளித்தாலும், தொடக்கம் முதல் முடிவு வரை ஒரே தடிமனில் ஓடும் கோடு உயிரற்றுத்தான் தெரிகிறது.

டெக்காலின் குறைகளில் அதிகம் பேசப்படுவது, படலத்துக்கடியில் காற்று சிக்கி வெள்ளியாக மினுங்குவது. அது தீர்க்கக்கூடியது. முதலில் பளபளப்பு வார்னிஷ், ஒட்டும்போது மைக்ரோ செட் கரைசல், மடிப்பில் படிய மைக்ரோ சால் கரைசல், கடைசியில் மேட் வார்னிஷ். வீட்டு இங்க்ஜெட்டில் வெள்ளை மை இல்லாததால் அடர்நிறத்தின் மேல் உருவம் மறைந்துவிடுவதையும் வெள்ளை டெக்கால் தாள் கொண்டு தீர்க்கலாம்.

தீர்க்கப்படாமல் விடப்படுவது ஒளி. கொடி துணி, அது காற்றில் மடியும். சேலைக் கொசுவத்துக்குள் போகும் பூ இருண்டு, வெளியே வரும்போது மீண்டும் துலங்குவதுபோல அல்லியும் மடிப்புக்குள் மங்க வேண்டும். டெக்கால் பள்ளத்திலும் மேட்டிலும் ஒரே நீலத்தைக் காட்டுகிறது, பேனாக்கோடும் அப்படியே. அருகில் கவசத்துக்கும் குதிரைக்கும் பார்த்துப் பார்த்து நிழல் தீட்டியிருக்க, கொடி மட்டும் ஒட்டிய தாளாக நிற்கிறது. பொம்மையில் கண் முதலில் போய் நிற்கும் இடமே கொடிதான் என்பதால் இந்தக் குறையை என்னால் சிறிதாக எண்ண முடியவில்லை.

ஆகவே இரண்டும் தூரிகைக்கு அடியில் இருக்க வேண்டியவை என்பதே என் முடிவு. பேனாவால் பழுப்பில் எழுத்தை எழுதி, அதன்மேல் பொன்னிறத்தை ஏற்ற வேண்டும். டெக்கால் சிங்கத்தின் மேல் பள்ளங்களில் நீர்த்த அடர்சிவப்பையும், முகடுகளில் பொன்னைவிட வெளிறிய மஞ்சளையும் இழுக்க வேண்டும். கால்மணி நேர வேலைதான். டெக்கால் அச்சிடுவோரும் இதற்கு உதவலாம். முழு அடர்த்தியில் வரும் நீலத்தின் மேல் நிழல் தெரிவதில்லை. நிறங்களை ஒரு படி வெளிறலாக அச்சிட்டால் தீட்டுபவருக்கு நிழல் ஏற்ற இடம் கிடைக்கும்.